குடும்ப ஸ்திரீ பாடிய பிளேட்

சித்தப்பாவுக்கு வாழ்க்கைப்பட்டு ஸ்ரீரங்கம் வருவதற்கு முன்னால் சித்தி ஒரு கிராமபோன் பிளேட்டில் பாடியிருக்கிறாள் என்பது எனக்கு ஒன்பது வயதில்தான் தெரிந்தது. அதையும் கிணற்றடியில், யாரும் இல்லாத சமயம் பார்த்து அவளே சொன்னாள். எங்கள் வீட்டில் பிளேட் போட்டுக் கேட்பார்கள்; மாட்டுப்பெண் வாய் திறந்து பாடுவது மட்டும் ஆகாது.

அப்பா சனிக்கிழமைதோறும் ஆற்றைத் தாண்டி மலைக்கோட்டைப் பக்கத்து வாசகசாலைக்குப் போவார். நானும் ஒட்டிக்கொள்வேன். அவர் இங்கிலீஷ் பேப்பருக்குள் தலையை விட்டால் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆகும். அங்கே பழைய பத்திரிகைகளை வருஷவாரியாகத் தைத்து வைத்திருந்தார்கள். புது பிளேட்டுகளைப் பற்றி அவற்றில் அபிப்பிராயம் எழுதுவார்கள். தன் பாட்டைக் கேட்டு யாராவது ஒரு வரி எழுதினார்களா என்று தெரிந்தால் போதும் சித்திக்கு. "உன் சித்தப்பாவண்ட மூச்சு விடாதே" என்றாள்.

மூன்று சனிக்கிழமை தூசி தின்றதுதான் மிச்சம். சித்தியின் பெயர் எங்கேயும் இல்லை. அவளிடமே சலித்துக்கொண்டேன்.

"என் பேரையா தேடினே? அசடே, பேரைப் போட எங்கப்பா விடுவாரா? 'ஒரு குடும்ப ஸ்திரீ'ன்னு இருக்கும், பாருடி. கமாஸ் ராகம்."

இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாம். மறுபடி முதல் புஸ்தகத்திலிருந்து ஆரம்பித்தேன்.

அடுத்த வாரமே கிடைத்துவிட்டது. நான் ஏற்கெனவே தாண்டிப் போன பக்கம்தான். பெரிய வித்துவான்களையெல்லாம் வெளுத்து வாங்கியிருந்த அபிப்பிராயக்காரர், குடும்ப ஸ்திரீயை மட்டும் வாயார மெச்சியிருந்தார். அடுத்த பிளேட் எப்போது வரும் என்று காத்திருப்பதாக முடித்திருந்தார். பள்ளிக்கூட நோட்டில் குண்டு குண்டாக எழுதிக்கொண்டேன். வண்டியில் திரும்பும்போது எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

சித்தி அடுப்படியில் வைத்துப் படித்தாள். கடைசி வரியை மறுபடி படித்தாள். அப்புறம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். எனக்குப் பயமாகிவிட்டது. தப்பாக எழுதிவிட்டேனா என்று கேட்டேன். எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று தலையை ஆட்டினாள்.

"அப்ப ஏன் அழறே? அதான் அவர் காத்துண்டிருக்காரே. இன்னொண்ணு பாடிடேன் சித்தி."

அவள் நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். "சாதம் குழைஞ்சுடும்" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மட்டம் என்று எழுதியிருந்தால் ஒரு நாள் வருத்தத்தோடு அவளுக்குப் பாட்டு ஆசை விட்டுப்போயிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. ஒரே ஒரு பாட்டு, பாடினால் என்னவாம்?