வேதப் புத்தகத்தில் பென்சில் கோடுகள்

மலேசியாவின் லாபிஸ் நகரில் எங்கள் சபையைச் சேர்ந்த லாரி ஓட்டுநர் ஒருவர் இறந்தபோது, அவரை அடக்கம் செய்வதா எரிப்பதா என்பது என் வாசிப்பின் மேல் முடிவாயிற்று.

ஐம்பது வயதுக்குமேல் ஞானஸ்நானம் பெற்றவர் அவர். மனைவி இந்துவாகவே இருந்தார். மூப்பர்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் பார்த்திருந்தார்கள். அவருடைய தம்பிகளோ, எரித்து அஸ்தியைப் பொந்தியான் கடலில் கரைக்க வேண்டும் என்றார்கள். இரு தரப்புக்கும் நடுவே, அன்று காலை சிங்கப்பூரிலிருந்து வந்து சேர்ந்த மகன். சட்டமும் இலக்கியமும் இறையியலும் ஒரு பிரதியை எப்படி வாசிக்கின்றன என்று நான் முதுகலை ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தது அவனுக்குத் தெரியும். அப்பாவின் தமிழ் வேதப் புத்தகத்தை என்னிடம் நீட்டினான்.

“அண்ணே, அப்பா இதுல நெறைய கோடு போட்டிருக்காரு. என்ன நெனச்சாருன்னு நீங்க படிச்சுச் சொல்லுங்க லா. என் பேச்ச சித்தப்பாங்க கேக்க மாட்டாங்க.”

ஒரு மணி நேரம் பார்த்தேன். மண், கல்லறை, உயிர்த்தெழுதல் பற்றிய வரிகளுக்கடியில் பென்சில் கோடுகள் இருந்தன. வம்ச வரலாற்றிலும் வழிபாட்டுக் கூடாரத்தின் அளவுகளிலும்கூட இருந்தன. அவற்றை நான் பொருட்படுத்தவில்லை. பிறகு கூடத்தில் எல்லார் முன்னாலும் விளக்கினேன். எழுதியவரின் நோக்கத்தைத் தேடும் சட்டமும், திரும்ப வரும் தடயங்களைத் தேடும் இலக்கியமும், விசுவாசியின் நம்பிக்கையைத் தேடும் இறையியலும் இங்கே ஒரே விடையைத்தான் தருகின்றன, அவர் அடக்கத்தையே விரும்பினார் என்றேன்.

“எங்க அண்ணன எங்களவிட அந்தப் புத்தகத்துக்குத்தான் தெரியுமா?” என்று மூத்த தம்பி கேட்டார். அடக்கத்துக்கு அவர்கள் யாரும் வரவில்லை. நான் விளக்கியபோது, பெட்டியருகே உட்கார்ந்திருந்த இறந்தவரின் மனைவி என்னைப் பார்த்தபடியே இருந்தார்.

ஒரு மாதம் கழித்துப் புத்தகத்தை அவர் மனைவியிடம் திருப்பிக் கொடுக்கப் போனேன்.

“அந்தக் கோடெல்லாம் நான் போட்டது தம்பி,” என்றார். “அவரு மலாய் ஸ்கூல்ல படிச்சவரு, தமிழ் வாசிக்க வராது. வெளிய சொல்ல வெக்கம். சாயங்காலம் நான்தான் வாசிச்சுக் காட்டுவேன். நிறுத்துன எடம் மறந்துடக் கூடாதுன்னு ஒரு கோடு.”

ஞாயிறுதோறும் ஆலயத்தில் அவர் கணவர் என் பக்கத்தில் புத்தகத்தை விரித்து வைத்திருந்ததும், நாங்கள் பக்கத்தைப் புரட்டிய பிறகே தானும் புரட்டியதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீங்க அவ்ளோ உறுதியா சொன்னீங்க. நான் போட்ட கோட்டுலயே எனக்குத் தெரியாதது ஏதோ இருக்குபோலன்னு நெனச்சிட்டேன்.” பிறகு கேட்டார்: “அப்ப அவர எரிச்சிருக்கணுமா?”

தெரியாது என்றேன். தம்பிகளிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றதும் பதறினார்; கல்லறையைத் தோண்டச் சொல்வார்கள் என்ற பயம். அத்துடன் நான் எழுந்து வந்திருக்க வேண்டும். ஆனால் எனக்கு ஒரு பிடிமானம் தேவைப்பட்டது. உயிர்த்தெழுதல் பகுதியைத் திறந்து காட்டி, இந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள், அவர் போதும் என்றாரா, ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன். அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். ஞாபகம் இல்லை, மழை வந்திருக்கலாம் என்றார்.

பட்டம் பெற்று, ஜொகூர் பாருவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். லாபிஸ் போகும்போது சந்தையிலோ ரயில் நிலையத்திலோ அவரைப் பார்க்கிறேன். நான் எதுவும் கேட்பதில்லை. அவரே அருகில் வந்து, தன் தவறுபோலத் தாழ்ந்த குரலில் சொல்கிறார்.

“இன்னும் ஞாபகம் வரல தம்பி.”