எட்டாம் லயத்து வணக்கம்

போன சீசனில் என் ஜீப்பில் ஏறிய ஆஸ்திரேலியாக்காரர் ஒருவர், சத்திரம் மேட்டுக்குப் போகிற வழியில் ஒரு கதை சொன்னார். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. ஆனால் வெள்ளைக்காரன் இங்கிலீஷ் பாதி புரியும், மீதியை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன். படித்த பல பேருக்கு அது வராது. சிட்னியில் துறைமுகத்தை ஒட்டி வூலூமூலூ என்று ஒரு பேட்டையாம். ஒரு காலத்தில் ரவுடிகளுக்குப் பேர் போன இடமாம். சண்டையில் எதிராளியை இடுப்புக்குக் கீழே உதைத்தால், அதற்கு அந்தப் பேட்டையின் பெயரைச் சேர்த்து 'வூலூமூலூ குத்து' என்பார்களாம். அவர் மனைவி சிரித்தார். என் டிரைவரும் சிரித்தான். அந்தப் பேட்டையில் பிறந்த ஒருத்தன் வேலை கேட்டுப் போனால் என்ன சொல்லித் திருப்பி அனுப்புவார்கள் என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

எங்கள் பக்கமும் அப்படி ஒரு சொல் உண்டு. எட்டாம் லயத்து வணக்கம். தலையால் மூக்கில் முட்டுவது என்று பொருள். அந்தச் சொல்லைக் கிளப்பிவிட்டவன் நான்.

இன்று எனக்கு ஏழு ஜீப். மூன்று மாடியில் ஹோம்ஸ்டே. எவன் சிபாரிசும் இல்லாமல் வந்தவன். பிரேக் பிடிக்காத வண்டியைக் கொட்டுகிற மழையில் குட்டிக்கானம் வளைவுகளில் இறக்கியிருக்கிறேன். குமுளிப் பக்கம் உள்ள எங்கள் கடைத்தெருவில் என்னைத் தெரியாதவன் கிடையாது. ஆனால் நான் பிறந்த இடம் எவனுக்கும் தெரியாது. கம்பத்துக்காரன் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நான் அப்படிச் சொல்லிவைத்திருந்தேன்.

பிறந்தது பீர்மேட்டுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், எட்டாம் நம்பர் லயத்தில். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகத் தொழிலாளிகளுக்குப் பத்து வீடு, அதுதான் லயம். குடியும் அடிதடியும் மற்ற லயங்களில் இல்லாமலில்லை. பெயர் மட்டும் எங்களுக்கு வந்தது. பதினெட்டு வயதில் பீர்மேட்டுக் கடைகளில் வேலை கேட்டு ஏறி இறங்கினேன். எட்டாம் லயம் என்றதும் மூன்று இடத்தில் கையை விரித்தார்கள். நாற்பது கிலோமீட்டர் தள்ளி இங்கே வந்தபோது, எந்த ஊர் என்று கேட்ட ஜீப் முதலாளியிடம் கம்பம் என்றேன். கிளீனராகச் சேர்த்துக்கொண்டார்.

ஒரு மழை நாளில் சவாரி இல்லாமல் எல்லாரும் டீக்கடையில் ஒதுங்கி நின்றோம். என்னை யாரும் மதிக்காத காலம் அது. பேச்சில் இடம் பிடிப்பதற்காக ஒரு கதையை எடுத்துவிட்டேன். "பீர்மேட்டுல எட்டாம் லயம்னு ஒண்ணு இருக்கு. அங்க ஒருத்தன் கங்காணி முன்னால வந்து கையெடுத்துக் கும்பிட்டான். கங்காணியும் மரியாதையா தலையக் குனிஞ்சாரு. கும்பிட்ட கை கும்பிட்டபடி இருக்கு, தலை மட்டும் முன்னால போச்சு. மூக்கு அப்பளம். அதுதான் அங்க வணக்கம்." கடையே குலுங்கியது. முதலாளி என்னைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அன்றிலிருந்து எனக்கு ஜீப் ஸ்டாண்டில் ஒரு இடம் உண்டு. புதிதாக எவன் வந்தாலும் அந்தக் கதையை நான் சொல்ல வேண்டும், நடித்தும் காட்ட வேண்டும். நாற்பது வருடத்துக்கு மேலாகச் சொன்னேன்.

கும்பிட்டவன் என் அண்ணன். அண்ணி பறித்த கொழுந்தை முத்தல் இலை என்று சொல்லி, கங்காணி கூடையோடு சேற்றில் கொட்டிவிட்டு, அள்ளக் குனிந்தவளின் முதுகில் காலை வைத்தான். ஏழு மாத வயிறு அவளுக்கு. காலை எடுக்கச் சொல்லி அண்ணன் முதலில் உண்மையாகவே கும்பிட்டுத்தான் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். கதையில் அண்ணியைச் சேர்த்தால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அதனால் அண்ணியை நீக்கிவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். தோட்டத்தில் கிடைத்த சர்வீஸ் காசைப் போட்டு மகனுக்குப் பழைய ஜீப் ஒன்று வாங்கியிருந்தார். எங்கள் ஸ்டாண்டில் போட்டு ஓட்ட வேண்டுமென்றால் ஜீப் சங்கத்தில் உறுப்பினராக வேண்டும். மனுவில் இருந்த விலாசத்தைப் பார்த்துவிட்டு, கமிட்டி அதை ஓரமாக வைத்திருந்தது.

"டூரிஸ்டுக்கு வணக்கம் வச்சிருவானாம் எம் மவன். செக்ரட்டரி மூஞ்சிக்கு நேரா சொல்லிச் சிரிக்கான்," என்றார் அண்ணன்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"யார் கிளப்பிவிட்ட பேச்சுன்னு எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? வண்டிப்பெரியார் பஸ்ல கண்டக்டர் வரைக்கும் சொல்லுதான். முட்டுன தலை எந்தலைலே. போவட்டும். நீ பொய் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நானும் அந்த லயத்துல பொறந்தவன், இது எங்க அண்ணன் மவன்னு சொல்லு. அது போதும்."

கமிட்டி கூடிய அன்று, சங்கத்தின் மூத்த உறுப்பினன் என்ற உரிமையில் போனேன். அண்ணனும் மகனும் வெளியே, கதவுக்குப் பக்கத்தில் நின்றார்கள். மனுவை எடுத்ததும் எழுந்தேன்.

"நானும் எட்டாம் லயந்தான். அங்க பொறந்து வளந்தவன்."

செக்ரட்டரி மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "அண்ணாச்சி கதையத் தொடங்கிட்டாரு!"

"சத்தியமாத்தான் சொல்றேன். கும்பிட்டது எங்க அண்ணன்."

"போன தடவை சொல்லும்போது அண்ணன் இல்லியே," என்றான் ஒருவன். "நல்லா இருக்கு அண்ணாச்சி, இனி இப்படியே சொல்லுங்க."

"அப்ப செக்ரட்டரிக்கு ஒரு வணக்கம் வைங்க, பாக்கட்டும்!"

அண்ணியைப் பற்றிச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். எல்லாரும் அடுத்த வேடிக்கைக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை வருடப் பழக்கம். கோபத்தில் கத்தியிருக்கலாம், நாற்காலியைத் தூக்கி எறிந்திருக்கலாம். நான் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். கை தூக்கி மனுவைத் தள்ளுபடி செய்தார்கள். கை தூக்காதவன் நான் ஒருவன்தான், அதையும் யாரும் கவனிக்கவில்லை.

வெளியே வந்ததும் அண்ணன் கேட்டார். "என்ன சொன்ன, இப்பிடிச் சிரிச்சானுவ?"

"அங்க பொறந்தவன்னு சொன்னேன்."

"அதுக்கா சிரிச்சானுவ?"

"ஆமா."

"உன் சிரிப்பும் கேட்டுச்சே," என்றார். மகனைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போனார். பின்னாலேயே போனேன். பஸ் வரும் வரைக்கும் நின்றோம்.

அந்த மாதமே ஜீப்பை விற்றுவிட்டார்கள். வாங்கியவன் கட்டப்பனைக்காரன். எங்கள் சங்கத்தில் ஒரே வாரத்தில் உறுப்பினரானான். அந்த வண்டி என் வண்டிகளுக்கு நடுவில்தான் நிற்கிறது. கட்டப்பனைக்காரன் நல்ல பையன். அந்தக் கதையை ஒரு தடவை சொல்லுங்கள் அண்ணாச்சி என்று என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.