ரங்கம்மாவும் கதிர்வீச்சும்

செல்போனைத் தடித்த துண்டில் சுற்றுகிறார் ரங்கம்மா. மூன்று சுற்று. பிறகு அதை ஒரு கூடையில் வைத்து, கூடையைத் தன் நாற்காலியிலிருந்து தள்ளி, கடையின் அந்தக் கோடியில் வைக்கிறார். "கதிரு வருதாம்ல. மூளைக்கு ஆவாதாம்." மணி அடித்தால் எழுந்து போய்ப் பிரித்து எடுப்பதற்குள், கூப்பிட்டவர் வேறு கடையில் பேரம் பேசிக்கொண்டிருப்பார்.

கடை, பர்கூர் நெடுஞ்சாலை ஓரத்தில். ஆலைகளில் வெட்டி மீந்த கிரானைட் பலகைகளை வாங்கி, ஓரம் மெருகேற்றி, சமையல் மேடைக்கும் வாசற்படிக்கும் விற்கிறார். விரலை மடக்கிக் கல்லைத் தட்டுவார். கணீரென்றால் நல்ல கல். சத்தம் அமுங்கினால் உள்ளே கீறல். விலை பேசுவது தெலுங்கில், பழைய பாக்கி கேட்பது கன்னடத்தில். திட்டுவது மட்டும் தமிழ். அதற்கு அதுதான் தோது என்கிறார்.

கல் அறுக்கும் மெஷின் ஓடினால் கடை மாவு மில்லாகிவிடும். மகள் வாங்கித் தந்த முகமூடி ஆணியில் தொங்குகிறது, அதன் மேலும் வெள்ளையாகத் தூசி. ஏன் போடுவதில்லை என்றால், "மூச்சு முட்டுது சாமி. தூசின்னா கண்ணுக்குத் தெரியுது, தொடச்சுக்கலாம். கதிரு தெரியாதே?" என்கிறார்.

மின்சாரம் போனால் மெஷின் நின்றுவிடும். அப்போது ரங்கம்மா, புதிதாக மின்நிலையம் கட்டத் துப்பில்லாத எல்லாரையும் தமிழில் விசாரிப்பார். அணுமின் நிலையமா என்றால் உடனே, "அய்யோ தேவுடா, அது வேணாம்." ஒருமுறை லைன்மேனை நிறுத்தி, "தம்பி, நம்ம கடைக்கு அணு கரண்ட்டு உடாத. காத்தாடி கரண்ட்டா பாத்து உடு" என்றார். "ரெண்டும் ஒரே ஒயர்லதான்க்கா வருது" என்றார் அவர். "அப்ப நீ என்னாத்துக்கு இருக்கற?"

இப்படிப்பட்டவரின் மகள் சத்யப்ரியாவுக்கு, பொறியியல் படித்துவிட்டு வேலை கிடைத்த இடம் ஓர் அணுமின் நிலையம். திங்கட்கிழமை சேர வேண்டும். ஒரு மாதமாகத் தாய்க்கு வகுப்பெடுத்தாள். கதிர்வீச்சு எங்கும் கொஞ்சம் உண்டு, அளவுதான் முக்கியம், வாழைப்பழத்தில்கூட இருக்கிறது என்றாள். பாடத்தின் பலனாக அந்த வீட்டில் வாழைப்பழம் வாங்குவது நின்றது. வேலைக்குச் சம்மதம் வரவில்லை. மாறாக, மகளின் துணிப்பையைக் கடைச் சுவரோரம் வைத்து, அதன்மேல் ஒரு கறுப்புப் பலகையை ஆள் விட்டுச் சாய்த்துவிட்டார் ரங்கம்மா. ஒற்றை ஆளால் அசைக்க முடியாத பலகை. "அது நகர்ந்தா நீ போ."

வாசற்படிக்குக் கல் பார்க்க நான் கடைக்குப் போயிருந்த சனிக்கிழமை, சத்யப்ரியா கடைசி ஆயுதத்தோடு வந்திருந்தாள்: கல்லூரித் தோழியிடம் இரவல் வாங்கிய, கதிர்வீச்சை அளக்கும் சின்ன மீட்டர். சாலையோரம் பிடித்தாள். எப்போதாவது ஒரு 'டிக்'. உள்ளே வந்து கல்லடுக்கின் மேல் வைத்தாள். டிக், டிக்டிக், டிக்.

"கேக்குதாம்மா? ரோட்டைவிட நம்ம கல்லுலதான் கூட அடிக்குது. இது மேல உக்காந்துதான் நீ தெனமும் சோறு திங்கற. உனக்கு என்ன ஆச்சு?"

ரங்கம்மா வாய் திறக்குமுன், பை மேல் சாய்த்திருந்த அந்தக் கறுப்புப் பலகையைத் தடவிக்கொண்டிருந்த ஓசூர் மேஸ்திரி கிருஷ்ணப்பன் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டுச் சமையல் மேடைக்கு அதைத்தான் தேர்ந்திருந்தார்.

"ஏனம்மா இது, கல்லுல கதிரா? பேடா, பேடா, வேணாம்! சின்னக் கொழந்த இருக்கற வீடு. நான் டைல்ஸே போட்டுக்கறேன்."

ரங்கம்மா மகளைப் பார்த்தார். மேஸ்திரியைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார்.

"என்னாண்ணா, ஊரெல்லாம் வீடு கட்டற நீங்களே இப்படிப் பேசலாமா? கதிரு எங்க இல்ல? மண்ணுல இருக்குது, செங்கல்லுல இருக்குது, நீங்க சொல்ற டைல்ஸ்ல மட்டும் இல்லியா? வாழப்பழத்துலயே இருக்குதுண்ணா! அதுக்குன்னு பழம் திங்காமயா இருக்கறோம்? எல்லாம் அளவுதான் பேச்சு."

சத்யப்ரியா மீட்டரை அணைத்தாள்.

"அந்த அளவை யாரும்மா பாக்கறது?" என்றார் மேஸ்திரி.

"யாரா? எம் மக பாப்பா! அதுக்குன்னே படிச்சிருக்கா. அவ்வளவு பெரிய எடத்துல கூப்பிட்டு வேலை குடுத்திருக்கான், சும்மாவா?"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது காதில் விழுந்திருக்க வேண்டும். கல்லைத் தட்டுவது போல நாற்காலிக் கையை விரலால் ஒருமுறை தட்டினார். சத்தம் அமுங்கித்தான் வந்தது.

"அப்ப திங்கக்கெழம நான் போலாமாம்மா?"

"நீ சும்மா இருடி, யாவாரம் நடக்குது."

கிருஷ்ணப்பன் சத்யப்ரியாவிடம் திரும்பினார். "பாப்பா, நீ சொல்லு. போடலாமா?"

"தாராளமா போடலாங்க. இந்த அளவு ஒண்ணும் பண்ணாது. அறுக்கறப்ப வர்ற தூசிக்குத்தான் மூஞ்சியை மூடிக்கணும்."

மேஸ்திரி இரண்டு ஆட்களைக் கூப்பிட்டார். ரங்கம்மா தடுக்கவில்லை. பலகை நகர்ந்தது. பின்னால், வெள்ளை பூத்துப்போய் நின்றது துணிப்பை.

வண்டி கிளம்பியதும் ரங்கம்மா சாலையைக் கடந்து போய் ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கி வந்தார். ஒன்றை உரித்து, மீட்டர் இருந்த பக்கம் பார்க்காமல், நின்றபடியே தின்றார். பையின் தூசியைத் தட்டினார். பிறகு கூடையிலிருந்த செல்போனைத் துண்டிலிருந்து உருவி மடியில் செருகிக்கொண்டு, அதே துண்டில் மிச்சப் பழத்தை மூன்று சுற்றுச் சுற்றி, மகளின் துணிகளுக்கு நடுவில் வைத்தார்.