மூலையில் விட்ட முள்ளங்கி: உரும்பிராய்க்கு ஒரு கேம் கசட் தேடிப் போன கதை

பழைய வீடியோ கேம் சேர்க்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யார் வீட்டுப் படத்தைக் காட்டினாலும் ஆட்களைப் பார்க்க மாட்டோம், பின்னால் நிற்கிற அலுமாரியைத்தான் பார்ப்போம். போன மார்கழியில் என்னோடு வேலை செய்கிற பெண் தன் மருமகளின் பிறந்தநாள் படங்களைக் காட்டினாள். பிள்ளை கேக் வெட்டுகிறாள், சுற்றி நின்று எல்லோரும் சிரிக்கிறார்கள். நானோ கேக்குக்குப் பின்னால் இருந்த சோகேஸில், இரண்டு பீங்கான் வாத்துகளுக்கு நடுவே நின்ற சின்ன அட்டைப்பெட்டியைக் கண்டுவிட்டு, கைபேசியைப் பறிக்காத குறையாக வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

யப்பான் எழுத்து. கையடக்க கேம் மெசினில் போட்டு விளையாடுகிற தோட்டக்கார விளையாட்டு அது. நிலம் கொத்தி, விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, விளைந்ததைப் பிடுங்கி விற்க வேண்டும். யப்பான் கசட் மட்டும் என்றால் இணையத்தில் தேடி வாங்கலாம், என்னிடமே ஒன்று இருக்கிறது. ஆனால் பெட்டியோடும் கையேட்டோடும் கிடைப்பது மிக அருமை. நான் பல வருடமாகத் தேடிக்கொண்டிருந்தேன். சின்ன வயதில் வெள்ளவத்தையில் பக்கத்து வீட்டுப் பெண் இதை விளையாடும்போது தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்ததுதான் எனக்குக் கிடைத்த விளையாட்டு. பட்டனை ஒரு தரம்கூட அழுத்தத் தரவில்லை. அந்த ஆசைதான் இன்றைக்கு என் வீட்டில் இரண்டு அலுமாரியை நிறைத்து வைத்திருக்கிறது.

படத்தில் இருந்தது உரும்பிராயில் ஒரு வீடு. வீட்டுக்காரி சாந்தினி அக்கா, பிறந்தநாள் பிள்ளையின் தாய், வெங்காயத் தோட்டம் செய்கிற குடும்பம். தொலைபேசியில் கேட்டேன்.

"பெட்டியை எடுங்கோ தங்கச்சி, எனக்கு அது வெறும் மட்டைதானே. ஆனால் உள்ளுக்கை இருக்கிற தோட்டம் எனக்கு வேணும்" என்றார்.

அவர் சொன்னது, விளையாடிச் சேமித்து வைத்த தோட்டத்தை. அந்தக் காலத்துக் கசட்டுகளுக்குள் காசு அளவில் ஒரு பற்றரி இருக்கும். அது உயிரோடு இருக்கும் வரைதான் சேமித்தது இருக்கும். பதினைந்து, இருபது வருடத்தில் பற்றரி இறந்தால் எல்லாம் அழிந்துவிடும். இதை நான் விளக்கியதும் அக்கா கேட்டார்:

"அப்ப இப்பவே செத்துப் போயிருக்குமோ?"

"தெரியாதக்கா. வந்து பார்த்தால்தான் தெரியும்."

"கெதியா வாங்கோ. அதிலை அவருக்கெண்டு ஒண்டு விட்டு வைச்சனான். அவர் இன்னும் பார்க்கேல்லை."

அந்தக் கடைசி வசனத்துக்குப் பிறகு பெட்டி எனக்கு இரண்டாம் பட்சமாகிவிட்டது என்று எழுத ஆசைதான். பொய் சொல்லக்கூடாது, பெட்டிக்காகவும்தான் போனேன். ஆனால் லீவு கிடைக்கப் பங்குனி ஆகிவிட்டது. அதுவரை அந்தப் பற்றரி தாங்குமோ என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 5.45 ரயில். முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள், வவுனியா வரை நின்றுதான் போவீர்கள். பையில் மடிக்கணினி, கசட்டில் இருப்பதைக் கணினிக்கு எடுக்கிற சின்னக் கருவி, புதுப் பற்றரி போட்ட என்னுடைய கசட், வேலை செய்கிற கையடக்க மெசின் ஒன்று. எல்லாவற்றையும் துவாயில் சுற்றி மடியிலேயே வைத்துக்கொண்டேன். மதியம் கழிந்து யாழ்ப்பாணம். அன்று பின்னேரம் பஸ் நிலையத்தைச் சுற்றியுள்ள போன் திருத்தும் கடைகளில் பழைய கசட் கேட்டு அலைந்தேன். கிடைத்ததெல்லாம் 'நூறு கேம் ஒன்றில்' என்று எழுதிய, உள்ளே ஆறே கேம் இருக்கிற சீனச் சாமான்கள்தான். நல்லெண்ணெய்த் தோசை சாப்பிட்டதோடு அந்த நாள் முடிந்தது.

அடுத்த நாள் காலை ஓட்டோ பிடித்தேன். நகரத்திலிருந்து பலாலி வீதியால் உரும்பிராய்ச் சந்தி எட்டுக் கிலோமீற்றர் வரும். 1,200 ரூபாய் கேட்டார், கொடுத்தேன். பஸ்ஸில் போனால் இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது, ஆனால் துவாய் மூட்டையோடு நெரிபட எனக்கு மனம் வரவில்லை. ஓட்டோ அண்ணைக்கு அந்த மூட்டைமேல் ஒரு கண்.

"உதுக்கை என்ன தங்கச்சி, பிள்ளையைத் தூக்கின மாதிரி வைச்சிருக்கிறியள்?"

"பழைய கேம் சாமான் அண்ணை."

"விக்கவோ போறியள்?"

"இல்லை, வாங்க."

"பழசை வாங்கவோ?" கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்தார். "எங்கடை வீட்டிலை ஒரு ரேடியோ கிடக்கு. பாடாது. எடுக்கிறியளோ?"

சந்தியிலிருந்து உள்ளே திரும்பினால் இரண்டு பக்கமும் செம்மண்ணில் வெங்காயப் பாத்திகள். வீட்டுப் படலையைத் திறந்தவர் குகன் அண்ணை, சாந்தினி அக்காவின் கணவர். ஐம்பதை எட்டுகிற மனிதர். "வாங்கோ வாங்கோ" என்று சொல்லி முடிக்கவில்லை, நான் முற்றத்தைப் பார்த்து அலறிவிட்டேன்.

சீமெந்து முற்றத்தில், நல்ல வெயிலில், ஒரு சுளகு. சுளகு நிறையக் காய்ந்த மிளகாய். மிளகாய்க்கு நடுவில் கசட்.

"அண்ணை! அதை ஏன் அங்கை வைச்சிருக்கிறியள்?"

"பற்றரி இறங்கியிருக்கும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" அவர் முகத்தில் அப்படியொரு பெருமை. "அதுதான் கிழமைக்கு ரெண்டு நாள் வெயிலிலை வைக்கிறனான். சண்டைக் காலத்திலை பாதை பூட்டியிருக்கேக்கை எங்களுக்கு வேறை என்ன இருந்தது? ரோச் பற்றரி, ரேடியோப் பற்றரி எல்லாம் வெயிலிலை வைச்சு வைச்சுத்தானே பாவிச்சனாங்கள். ரெண்டு நாளைக்கு இழுக்கும்."

டோர்ச் பற்றரிக்கு அது சரிவந்திருக்கலாம். இந்தக் காசுப் பற்றரிக்குச் சூடு எமன். இரண்டு மாதத்துக்கு மேலாக இந்த நல்ல மனிதர், என் பேச்சைக் கேட்டே, அதை வாட்டியிருக்கிறார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கசட்டை எடுத்தேன். கை சுட்டது. மேல் ஒட்டியிருந்த படம் வெளிறிப் போயிருந்தது. "நிழலிலை ஆறட்டும்" என்று மட்டும் அவரிடம் சொன்னேன்.

அவர் வெங்காயத்துக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாற்றிவிடப் போய்விட்டார். சாந்தினி அக்கா தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தார். கசட் ஆறும்வரை கதை கேட்டேன்.

மெசினும் கசட்டும் பெட்டியும் சுவிசில் இருக்கிற அக்காவின் தமையன் சமாதான காலத்தில் வந்தபோது கொண்டுவந்தது. யப்பான் எழுத்து என்றபடியால் அங்கே சந்தையில் மலிவாகக் கிடைத்ததாம். ஒரு சொல்கூட விளங்காமல், பட்டன்களை அமத்திப் பார்த்தே அக்கா விளையாடப் பழகியிருக்கிறார். அடுத்த வருடங்களில் திரும்பச் சண்டை, கொழும்புப் பாதை பூட்டி, பின்னேரமானால் ஊரடங்கு. பக்கத்து வளவில் குகன் அண்ணை. பற்றரிக்குத் தட்டுப்பாடு, இரண்டு வீட்டிலும் வெயிலில் வைத்து எடுப்பதே இரண்டு பற்றரி. ஆகவே முறை வைத்தார்கள். இன்றைக்கு அக்கா விளையாடிச் சேமித்து மெசினை வேலிக்கு மேலால் கொடுப்பார், நாளைக்கு அண்ணை விளையாடித் திருப்பிக் கொடுப்பார். ஒரே தோட்டம்.

"விளைஞ்சதை எல்லாம் பிடுங்கிப்போட்டு, மூலையிலை ஒரு முள்ளங்கி மட்டும் விடுவம். மற்ற ஆள் தன்ரை முறையிலை முதல் அதைப் பிடுங்கோணும். பிடுங்கியிருந்தால் ஆள் சுகமா இருக்கு எண்டு அர்த்தம். அந்த நாளையிலை இரவிலை ஆக்களைப் பிடிச்சுக்கொண்டு போவாங்கள், காலமை எழும்பினால் ஆரைக் காணேல்லை எண்டு கேக்கிறதே பயம் தங்கச்சி."

ஒரு நாள் அவர் முள்ளங்கியை விட்டு, மெசினை வேலியால் நீட்டியபோது வந்து வாங்கியது குகன் அண்ணையின் தாய். அடுத்த நாள் காலை அவரே திருப்பிக் கொண்டுவந்தார். இராணுவத் தேடுதல் பயத்தில் மகனை இரவோடு இரவாகத் திருகோணமலைக் கப்பலுக்கு அனுப்பியாயிற்று. முள்ளங்கி அப்படியே நின்றது.

"பிறகு நீங்கள் விளையாடேல்லையோ?"

"என்ரை முறை இல்லையே" என்றார், இது என்ன கேள்வி என்பதுபோல.

அண்ணை மூன்றாம் வருடம் திரும்பி வந்தார், கல்யாணமும் நடந்தது. அதற்கிடையில் உள்ளே விட்ட பற்றரி கசிந்து மெசின் பழுதாகிவிட்டது. திருத்த ஆள் இல்லை. "சொன்னால் சிரிப்பார் எண்டு சொல்லேல்லை. வீடு, பிள்ளையள், எல்லாம் இருக்கு. எண்டாலும் அது அங்கை பிடுங்காமல் நிக்குது எண்டது எனக்கு இருபது வருசமா ஒரு அந்தரம்."

கசட் ஆறியிருந்தது. கருவியில் செருகிப் பட்டனைத் தட்டினேன். திரையில் பக்கம் பக்கமாக ஒரே எழுத்து. வெறுமையான கசட் இப்படித்தான் காட்டும். இன்னொரு தரம் தட்டினேன். அதே வெறுமை. அக்கா திரையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார். நான் முகத்தை மறைக்கத் தெரியாதவள்.

"தோட்டம் அழிஞ்சு போட்டுதோ?" என்று கேட்டார்.

கசட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். செருகுகிற வாயில், பித்தளைப் பற்களுக்கு இடையில் ஒரு மிளகாய் விதை. சுற்றிலும் சிவப்புத் தூள். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், தும்மினேன், துடைத்தேன், இன்னும் நான்கு தரம் தும்மினேன். கண்ணீரோடு திரும்பச் செருகினேன். இந்த முறை திரை முழுக்க எழுத்தும் இலக்கமும் கலந்து ஓடின. மூன்று முறை எடுத்துப் பார்த்தேன், மூன்றும் ஒன்று. அதை என் கசட்டில் எழுதி, மெசினில் போட்டு, அக்காவிடம் நீட்டினேன்.

தோட்டம் வந்தது. சின்ன வீடு, வேலி, ஒரு மாடு. கொத்திய நிலம் முழுக்க வெறுமை, வேலி மூலையில் ஒரே ஒரு முள்ளங்கி. அக்கா வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு தோட்டத்தின் பக்கம் திரும்பிக் கூப்பிட்டார்.

"இஞ்சாருங்கோ! ஒருக்கா வாங்கோ!"

குகன் அண்ணை சேற்றுக் காலோடு வந்தார். சாரத்தில் கையைத் துடைத்து மெசினை வாங்கினார். திரையை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"இது நான் கப்பலுக்குப் போன அண்டு விட்டதோ?"

"ஓம்."

"கப்பல்லை இருக்கேக்கை இதைத்தான் யோசிச்சனான், பிடுங்காமல் வந்திட்டனே எண்டு. நீர் என்ன நினைச்சிருப்பீர் எண்டு" என்றார்.

பொம்மை மனிதனை மூலைக்கு நடத்தினார். இரண்டு தரம் வேலியில் இடித்தார். பிடுங்கியதும் பொம்மை அதைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றது.

"இப்ப எதை அமத்திறது?"

"உதை அமத்தாதேங்கோ, எறிஞ்சுபோடும்! விக்கிற பெட்டியடிக்குக் கொண்டு போங்கோ!"

பெட்டியில் போட்டார். பொம்மையை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் படுக்க வைத்தார், படுத்தால்தான் சேமிக்கும். எல்லாம் முடிந்ததும் மெசினை அக்காவிடம் நீட்டினார்.

"இந்தாரும். உம்மடை முறை."

நான் எழுந்து கிணற்றடிக்குப் போய் முகம் கழுவினேன். மிளகாய்த் தூள் என்று சொல்லிக்கொள்ளலாம்.

போகும்போது அக்கா ஒன்று கேட்டார். பழைய கசட்டில் இருக்கிற தோட்டத்தை அழித்துவிட வேண்டும், அதில் அந்த முள்ளங்கி இன்னும் நிற்கிறதாம். அவர் கண் முன்னாலேயே அழித்தேன். வேறு யார் வீட்டிலாவது இதைச் செய்யச் சொல்லியிருந்தால் எனக்கு மனம் வந்திருக்காது, அன்றைக்கு நிம்மதியாக இருந்தது. மெசினும் என் கசட்டும் அவர்களுக்கு, பெட்டியும் கையேடும் பழைய கசட்டும் எனக்கு. காசு வாங்க மாட்டோம் என்றுவிட்டார்கள். கூடவே ஒரு பை வெங்காயமும் தந்தார்கள்.

திரும்பும்போது யாழ்ப்பாணம் போகாமல் சுன்னாகத்தில் ரயில் ஏறினேன், ஐந்து கிலோமீற்றர்தான். எல்லா ரயிலும் அங்கே நிற்காது, முதல் நாளே கேட்டு வையுங்கள். இப்படித் தேடிப் போகிறவர்கள் கடைகளில் அலைந்து நேரத்தை வீணாக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து வந்த சாமானைப் பெட்டியோடு பத்திரமாக வைக்கிற வீடுகள் இங்கே நிறைய, சொந்தக்காரரிடம் விசாரியுங்கள். விலை பேசுவதற்கு முன் உள்ளே யாருடைய விளையாட்டு இருக்கிறது என்று கேளுங்கள். அதை எடுத்துக் கொடுக்கிற கருவி இல்லாமல் போகாதீர்கள். பற்றரியைப் பற்றித் தொலைபேசியில் சொல்வதென்றால், வெயிலில் வைக்க வேண்டாம் என்றும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பெட்டி இப்போது என் அலுமாரியில் நிற்கிறது. தினமும் ஒருமுறை பார்க்கிறேன். ஆனால் போன கிழமை அக்கா அனுப்பிய படத்தைத்தான் அதைவிட அதிக தரம் பார்த்திருப்பேன். கையடக்க மெசினின் திரை, வேலி மூலையில் ஒரு புது முள்ளங்கி. கீழே எழுதியிருந்தார்:

"இது அவர் விட்டது தங்கச்சி. நான் இன்னும் பிடுங்கேல்லை. இந்த முறை அவர் கொஞ்சம் காத்திருக்கட்டும்."