ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்த உலகம்

திரையில் ஒருவன் இடது கையால் சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தபோது கொட்டகை முழுவதும் சிரித்தது. திருச்சுழிக்கு வெளியே, காய்ந்த பருத்திமார்ச் செடிகளைப் பிடுங்கிய கரிசல் காட்டில் போட்டிருந்த டூரிங் டாக்கீஸ் அது. தரையில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "ஏலே, நொட்டாங்கையில திங்கிறவன் வெளங்குவானா?" என்று திரையைப் பார்த்தே கேட்டார். பெண்கள் பக்கத்தில் இன்னொருத்தி, "மாராப்பக் கூட அந்தப் பக்கந்தான் போட்டிருக்காளுக, கூறு கெட்டவளுக" என்றாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் என் மதினி மட்டும் சிரிக்கவில்லை. முட்டியைக் கட்டிக்கொண்டு, கோர்ட்டில் சாட்சி சொல்வதைக் கேட்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நான் அருப்புக்கோட்டையில் தாலுகா அலுவலக எழுத்தர். கொட்டகைகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும் பிரிவு என்னிடம் இருந்தது. மணல் வாளி உண்டா, தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கிறதா, ஆண் பெண் தடுப்பு சரியான உயரத்தில் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்து எழுத வேண்டும். படம் எப்படி என்று கேட்க விதியில் இடமில்லை. இருந்திருந்தால் அந்தப் படம் திருச்சுழி எல்லைக்குள் வந்திருக்காது.

கையில் காசில்லாத யாரோ எடுத்த விஞ்ஞானப் படம். விஞ்ஞானியின் இயந்திரம் என்பது ஓர் இரும்பு பீரோ. அதன்மேல் கோயில் கொடைக்குக் கட்டும் சீரியல் பல்பு. கதவைத் திறந்தால் சாம்பிராணிப் புகை. அதற்குள் நுழைந்து அந்தப் பக்கம் வெளியேறினால் இன்னொரு உலகம். அதே தெரு, அதே ஆட்கள். ஆனால் எல்லாம் வலம் இடம் மாறிக் கிடக்கும். புதிதாக ஓர் உலகத்தைக் கட்டப் பணமில்லாததால் பிலிமைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துவிட்டார்கள் என்று ஆபரேட்டர் சொன்னார். கடைப் பலகையின் எழுத்துக்கூட வலமிருந்து ஓடியது. இந்த உலகத்தில் கூட்டாளியால் கொல்லப்பட்டவன் அந்த உலகத்தில் உயிரோடு இருக்கிறான். அவன் பீரோ வழியாக வந்து பழி வாங்குகிறான். கத்தி, துப்பாக்கி எதுவும் இல்லை. அதற்கும் காசில்லை போலும். கூட்டாளியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் அந்த உலகத்தில் விட்டுவிடுகிறான். அங்கே கூட்டாளி செய்தது எல்லாருக்கும் தெரியும்.

என் அண்ணனும் மதினிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறையான ஒருவரும் சேர்ந்து ஒரு லாரி வைத்திருந்தார்கள். அவரை எல்லாரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போன ஒரு விடியற்காலையில், பந்தல்குடி தாண்டி, லாரி பள்ளத்தில் சாய்ந்தது. அண்ணன் போய்விட்டார். அண்ணாச்சி நெற்றியில் ஒரு கீறலோடு எழுந்து வந்து, ஓட்டியது அண்ணன்தான் என்று எழுதிக் கொடுத்தார். அண்ணனின் உடல் கிடந்ததோ ஸ்டியரிங் இல்லாத இடப்பக்கக் கதவுக்குக் கீழே. விழுந்த வேகத்தில் உடல் இடம் மாறியிருக்கலாம் என்று போலீஸில் ஒரு வரி சேர்த்தார்கள். குற்றவாளியும் இறந்துவிட்டதால் கோப்பு முடிந்தது. அலுவலக வாழ்க்கையில் நான் கற்ற முதல் பாடம் அது. இறந்தவனைப் போல வசதியான எதிரி கிடையாது. அவன் மேல்முறையீடு செய்ய மாட்டான்.

மதினி கேட்டது ஒன்றே ஒன்று. 'நான்தான் ஓட்டுனேன்' என்று அண்ணாச்சி ஒரு தடவை வாயால் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லை. அண்ணன் விட்டுப்போனது அந்தப் பேர் ஒன்றுதான். அது வண்டியைக் கவிழ்த்தவன் பேராக ஊரில் நின்றுவிடக் கூடாது என்பதே அவள் எண்ணம்.

அந்தப் படத்துக்குப் போகவேண்டும் என்று சொன்னவள் அவள்தான். பக்கத்து வீட்டுப் பெண் சொன்ன கதை அவளைப் பிடித்துக்கொண்டது. தாலியறுத்த வருஷம் திரும்புவதற்குள் சினிமாவா என்று அருப்புக்கோட்டையில் கேட்பார்கள் என்பதால் திருச்சுழிக்குப் பஸ் ஏறினோம். திரும்பி வரும்போது ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"தம்பி, அந்த ஒலகத்துல காரு ஸ்டியரிங் எந்தப் பக்கம் இருந்துச்சு, பாத்தீகளா?"

"இடப்பக்கம். எல்லாந்தான் மாறியிருந்துச்சே மதினி."

"லாரியில அவுக உக்காந்திருந்த பக்கம்."

பஸ்ஸை விட்டு இறங்கும்போது, "அப்ப போலீஸு எழுதுனது பொய்யில்ல. அந்த ஒலகத்துக் கதைய இந்த ஒலகத்துல எழுதி வச்சிட்டாக" என்றாள். அந்த உலகத்துக்குச் சட்டத்தில் பிரிவு இல்லை. அதற்குப் பிறகு அதே படத்தை மறுபடி பார்க்க வேண்டும் என்றாள். போனோம். படப்பெட்டி வேறு ஊருக்குப் போகும் வரை போனோம்.

அந்த வருஷம் அண்ணாச்சி மகளுக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கம் பகை முடிந்ததற்கு ஒரே அத்தாட்சி கை நனைப்பது. மனத்தாங்கல் உள்ள வீட்டில் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்துவிட்டால் பழைய பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. எங்கள் வீட்டில் கை நனைக்காமல் அண்ணாச்சி பத்திரிகை வைத்தால் சொந்தத்தில் பாதிப் பேர் பந்திக்கு வரமாட்டார்கள். பெரியவர்கள் பேசி, ஒரு மத்தியானம் அவரை அழைத்து வந்தார்கள். மதினி மறுப்பாள் என்று நினைத்தேன். "வரட்டும். நானே பரிமாறுறேன்" என்றாள்.

பெரியவர்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். எல்லார் இலையும் சரியாகவே விழுந்தது, நுனி இடப்பக்கம் பார்த்து. அண்ணாச்சியின் இலை மட்டும் நுனி வலப்பக்கம் கிடந்தது. தண்ணீர்ச் செம்பை மற்றவர்களுக்கு வைத்ததற்கு எதிர்ப்பக்கம் வைத்தாள். உப்பும் ஊறுகாயும் இடம் மாறி வந்தன. பெரியவர் ஒருவர், "ஏத்தா, எலை மாறிக் கெடக்கு பாரு, திருப்பிப் போடு" என்றார்.

"மாறல சித்தப்பா. அது அந்த ஊரு எலை" என்றாள் மதினி. சோற்றை வைத்துவிட்டு அண்ணாச்சிக்கு எதிரே நின்றாள். "அங்கிட்டு ஸ்டியரிங் இடப்பக்கம் இருக்கும் அண்ணாச்சி. இங்கிட்டு வலப்பக்கம். வலப்பக்கம் உக்காந்திருந்தது யாருன்னு சொல்லிட்டுக் கை நனைங்க."

மதினியை விட்டால் அங்கே படம் பார்த்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்களுக்கு முதல் பாதி விளங்கியிருக்காது. இரண்டாம் பாதி எல்லாருக்கும் விளங்கியது. ஒருவரும் சோற்றில் கை வைக்கவில்லை. அண்ணாச்சி இலையையே பார்த்தார். நெற்றித் தழும்பில் வேர்வை நின்றது. வலது கையை மடியிலிருந்து எடுக்கவேயில்லை. இடது கை மெதுவாக வந்தது. ஒரு வாய்ச் சோற்றை எடுத்தது. பெரியவர்கள் முன்னால், பந்தியில், இடது கையால் ஒரு மனிதர் சோறு தின்றதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. கொட்டகையில் சிரித்தது போல இங்கே ஒருவரும் சிரிக்கவில்லை.

சித்தப்பா தொண்டையைச் செருமினார். "சரித்தா. கை நனைஞ்சிருச்சு. இத்தோட விடு."

"நனைஞ்சது அந்தக் கை. சோத்தாங்கை காஞ்சுதான கெடக்கு சித்தப்பா."

அண்ணாச்சி வாய் திறப்பார் என்று காத்திருந்தோம். அவர் எழுந்தார். கைகூடக் கழுவாமல், சோறு ஒட்டிய இடது கையை உடம்பைவிட்டுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கிப் போனார். கல்யாணம் நடந்தது. பந்தி பாதி காலியாக இருந்தது என்று சொன்னார்கள். எங்கள் தெரு வழியாக அவர் பிறகு வரவேயில்லை. பாலவனத்தத்தில் மகள் வீட்டோடு போய், அங்கேயே காலமானார்.

நான் பதவி உயர்ந்து, ஓய்வும் பெற்றுவிட்டேன். காவல் நிலையத்தில் அந்தக் கோப்பு காலக்கெடு முடிந்து அழிக்கப்பட்டிருக்கும், முறை அதுதான். டூரிங் டாக்கீஸ் நின்ற காட்டில் இப்போது வீட்டு மனைக் கற்கள் நட்டிருக்கிறார்கள். பேரன் செல்போனில் இதே மாதிரிப் படம் பார்க்கிறான். ஏகப்பட்ட உலகங்கள், ஒவ்வொன்றாக நொறுங்குகின்றன. ஒரு பீரோகூட இல்லை. மதினி என்னோடுதான் இருக்கிறாள். கண் மங்கிவிட்டது. நினைவு மங்கவில்லை.

போன மாதம் கேட்டேன். "அன்னிக்கு அண்ணாச்சி வாயத் திறந்து சொல்லியிருந்தா ஒங்களுக்கு ஆறியிருக்குமா மதினி?"

வாசலில் ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு போனது. அதன் சத்தம் அடங்கும் வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லியிருந்தா இங்க கணக்குத் தீந்திருக்கும் தம்பி" என்றாள். "தீந்திருந்தா ஒங்க அண்ணன் செத்துப் போயிருப்பாக. இப்ப அங்கிட்டு வண்டி ஓட்டிக்கிட்டுத்தான இருக்காக."