டீச்சரம்மா பிழைத்த வாரம்

“எழுத்துல இருக்கறதத்தான் படிக்கிறாளா, வாய்க்கு வந்தத அடிச்சு வுடுறாளான்னு நமக்கு எங்க தெரியப்போவுது?”

எதிர்வீட்டுப் பெரியம்மா இதைச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. சின்ன வெங்காயம் அறுவடையாகிக் களத்தில் குவிந்திருந்தது. பத்துப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, காய்ந்த தாளையும் வேரையும் அரிந்து கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள். பள்ளி இல்லாத நாள் என்பதால் நான் நடுவில் உட்கார்ந்து, வயல்காரர் வீட்டிலிருந்து வரும் பழைய வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதையைப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பத்துப் பேரில் ஒருவருக்கும் எழுத்து தெரியாது. எங்கள் வீட்டில் அப்பாவுக்கும் தெரியாது. பெரியம்மாவின் சந்தேகம் நியாயமானதுதான்.

அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. “எம் பொண்ணு அச்சுல இருக்கறத ஒரு எழுத்து மாத்த மாட்டா” என்றாள்.

அது உண்மைதான். பக்கத்தில் இருக்கிற எதையும் நான் விடுவதில்லை. ‘தொடரும்’ என்பதைக்கூடக் கதையின் குரலிலேயே படிப்பேன். ஒருமுறை பக்கத்தின் நடுவே இருந்த தைல விளம்பரத்தையும் சேர்த்துப் படித்துவிட்டேன். கதாநாயகிக்கு மூட்டுவலி வந்துவிட்டதென்று களமே மூன்று வாரம் கவலைப்பட்டது.

கதாநாயகி ஒரு பள்ளி ஆசிரியை. எங்கள் பெண்கள் அவளை டீச்சரம்மா என்றார்கள். அவள் மாமியாரை ஏசினார்கள், அவள் கணவனுக்குப் புத்தி சொன்னார்கள். அழவேண்டிய இடத்தில் எல்லோரும் அழுதார்கள். அது கதைக்கா வெங்காயத்துக்கா என்று யாரும் கேட்கவில்லை.

அந்த வட்டத்தில் என் அத்தையும் இருந்தாள். அப்பாவின் தங்கை. மாமா இறந்த பிறகு எங்களோடுதான் இருந்தாள். அவளுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. பெரம்பலூரில் பார்த்த டாக்டரம்மா, இனியும் தள்ளிப்போட்டால் ஆபத்து என்று சொல்லியிருந்தார். இரண்டு முறை தேதி குறித்தும் அத்தை போகவில்லை. ஆப்பரேசனுக்குப் போன கீழத்தெருப் பெண் ஒருத்தி வெள்ளைத் துணியில் திரும்பி வந்ததை அவள் பார்த்திருந்தாள். “போற உசுரு வூட்டுலயே போவட்டும்” என்பாள். அப்பா கெஞ்சினார், திட்டினார், ஒருநாள் அழவும் செய்தார். அத்தை அசையவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கதையில் டீச்சரம்மாவுக்கும் வயிற்றில் கட்டி வந்தது. அத்தை வழக்கமாகப் பேச்சும் சிரிப்புமாகக் கேட்பவள். அந்த வாரம் அரிந்த வெங்காயத்தையே திரும்பத் திரும்ப அரிந்துகொண்டிருந்தாள். அடுத்த வாரம் நான் உட்காருவதற்கு முன்பே, தன் பக்கத்தில் கோணிப்பையை விரித்து இடம் போட்டு வைத்திருந்தாள்.

படிக்கத் தொடங்கினேன். ஆப்பரேசன் அறையின் விளக்கு அணைகிறது. டாக்டர் வெளியே வருகிறார்.

சத்தமாகப் படிக்கும்போது கண் முன்னே ஓடும், வாய் ஒரு வரி பின்னால் வரும். என் கண் அடுத்த வரிக்குப் போய்விட்டது. டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார் என்றும், டீச்சர் இனி இல்லை என்றும் அங்கே இருந்தது. அத்தையின் அரிவாள் ஒரு வெங்காயத்தின் மேல் அப்படியே நின்றிருந்தது.

“டாக்டர் சிரித்தார்” என்று படித்தேன்.

“அப்புறம்?” என்றாள் அத்தை.

“டீச்சர் கண்ணைத் திறந்தாள். தண்ணீர் கேட்டாள்.”

பெரியம்மா உடனே பிடித்துக்கொண்டாள். “ஆப்பரேசன் ஆனதும் தண்ணி தர மாட்டாங்களே!”

“தரக்கூடாதுன்னுட்டு, நர்சு பஞ்ச நனைச்சு ஒதட்டுல வச்சாங்க.”

பெரியம்மா தலையை ஆட்டினாள். “ஆமாமா. அப்படித்தான் செய்வாங்க.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்தப் பஞ்சு எங்கிருந்து வந்தது? நான் ஆஸ்பத்திரிக்குள் போனதே கிடையாது. ஒரு நொடிக்கு முன்பு உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு பஞ்சு, இப்போது பத்துப் பேர் கண்ணெதிரே ஈரமாக இருந்தது. அச்சில் செத்துப்போனவளின் உதடு அதில் நனைந்துகொண்டிருந்தது.

பொய்யைச் சொல்வது எளிது, அதை உயிரோடு வைத்திருப்பதுதான் பாடு என்பது அடுத்த வாரம் தெரிந்தது. அச்சில் டீச்சரின் கணவன் மறுகல்யாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தான். என் வாயில் அவன் டீச்சருக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தான். கண்ணை வரிவரியாக நகர்த்தி, சரியான இடத்தில் பக்கத்தைப் புரட்டி, நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

“இப்பேர்ப்பட்ட புருசன் எந்த ஊர்லடி இருக்கான்?” என்றாள் ஒருத்தி.

“பொஸ்தகத்துலதான் இருப்பான். அங்கயே கெடக்கட்டும்” என்றாள் அம்மா. களமே சிரித்தது. அம்மா என்னைப் பெருமையோடு பார்த்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் அத்தை அப்பாவிடம் சொன்னாள்: “அண்ணே, ஆசுபத்திரிக்கு எப்ப வரலாம்னு கேட்டுட்டு வாங்க.”

வீடே மலர்ந்தது. என்னைத் தவிர. என் பொய்யை நம்பி அத்தை கத்திக்குப் போகிறாள். அவள் திரும்பாவிட்டால்? சொல்லிவிடலாமென்றால், போகமாட்டேன் என்றுவிடுவாளே. கிளம்பும் நாள் காலையில் பஸ் வந்து நின்றபோதுதான் அவள் புடவையைப் பிடித்து இழுத்தேன்.

“அத்தை, அந்த டீச்சர்...”

“வந்து கேட்டுக்கறேன். அதுக்குள்ள படிச்சு வையி” என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே நான் பிடிபட்டேன். திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்த வயல்காரர் மகள் களத்துக்கு வந்தாள். டீச்சரம்மா மறுபடி பள்ளிக்கூடம் போகும் கட்டத்தில் நான் இருந்தேன். நின்று கேட்டவள், “எந்த டீச்சரு? அதான் செத்து ஒரு மாசமாச்சே” என்றாள்.

அத்தனை அரிவாள்களும் நின்றன.

“நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்றாள் பெரியம்மா.

அம்மா என்னை அடிக்கவில்லை. பத்திரிகையை என் கையிலிருந்து வாங்கி மடித்துக் கீழே வைத்தாள். “அவ நீ சொன்னத நம்பித்தானடி போனா” என்று மட்டும் சொன்னாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாள்.

மறுநாள் ஆப்பரேசன். அன்று முழுக்கப் பக்கத்து வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலம், கூடப் போயிருந்த அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து அந்த வீட்டுப் போனுக்குப் பேசினார். அத்தை கண் விழித்துவிட்டாள்.

பத்து நாள் கழித்து, வயிற்றைக் கையால் தாங்கியபடி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

“எங்கடி அவ? இங்க வா. டீச்சரு என்ன ஆனா?”

“செத்துட்டா அத்தை. ஆப்பரேசன் அன்னிக்கே செத்துட்டா. நான் பொய் சொன்னேன்.” ஓவென்று அழுதேன்.

“அதுதான் தெரியுமே. போட்டாவுக்கு மால போட்டு வெளக்கு ஏத்தி வச்சு, நீ படிச்ச பக்கத்துலயே படம் போட்டிருந்தான். எழுத்துதான் தெரியாது, எனக்குக் கண்ணுமா இல்ல?” அத்தை சிரிக்கப் பார்த்தாள். தையல் வலித்தது போல, பாதியில் நிறுத்திக்கொண்டாள். “அந்த டீச்சரு கெடக்கட்டும். நீ சொன்ன டீச்சரு என்ன ஆனா? அதச் சொல்லு.”

சொன்னேன். கட்டிலில் சாய்ந்தபடி அவள் கேட்ட அந்த ஒரு மணி நேரக் கதைதான், கையில் புத்தகம் இல்லாமல் நான் சொன்ன முதல் கதை. தப்பித்தோம் என்பதுதான் அன்று எனக்குப் பெரிதாக இருந்தது. நான் அவளை ஏமாற்றவே இல்லையென்றால், அவள் எதை நம்பி பஸ் ஏறினாள் என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றிய வயதில் பதிலும் தெரிந்திருந்தது. அத்தைக்காக, டீச்சரின் சாவைப் படிக்க முடியாமல் ஒரு குழந்தை அச்சையே எதிர்த்து நிற்கிறதென்று அவள் பார்த்திருக்கிறாள். அதற்காகவாவது இருந்து பார்ப்போம் என்று நினைத்திருக்கிறாள்.

ஆனால் களம் என்னை அத்தனை சுலபமாக மன்னிக்கவில்லை. மருந்துச் சீட்டோ, தபாலில் வந்த கடிதமோ, எதுவானாலும் அடுத்த தெருவுக்குக் கொண்டுபோனார்கள். நாலு வருடம் கழித்துத்தான் எதிர்வீட்டுப் பெரியம்மா ஒரு கடிதத்தை என்னிடம் நீட்டினாள். அவளுடைய பென்ஷன் மனு தள்ளுபடியானது என்றிருந்தது. அப்படியே படித்தேன். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அவள் முகம் வாடுவதைப் பார்த்துக்கொண்டே கடைசிக் கையெழுத்து வரை படித்தேன்.

இப்போது அரியலூரில் தமிழ் எம்.ஏ. படிக்கிறேன். போன மாதம் ஒரு கதை எழுதி முடித்தேன். தலைப்புக்கு மேலே ‘சிறுகதை’ என்றும், கீழே என் முழுப்பெயரும் எழுதி உறையிலிட்டபோது அம்மா பக்கத்தில் வந்து நின்றாள்.

“இதுல இருக்கறதெல்லாம் நெசமா?”

“இல்லம்மா. எல்லாம் நானே கட்டினது.”

“அப்படின்னு மேல போட்டிருக்கியா?”

“போட்டிருக்கேன்.”

“சரி, அப்ப அனுப்பு.”

வெள்ளிக்கிழமை காலை, கல்லூரிக்குப் போகிற வழியில் தபாலில் சேர்த்துவிட்டேன்.