இலங்கையிலிருந்து வந்த தலை

பிள்ளைகளே, உங்களைப் போல நானும் ஒரு காலத்தில் தபால்தலை சேர்த்தேன். அதில் செய்த ஒரு தப்பைச் சொல்கிறேன்.

எழுபதுகளில் மூணாறு பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் ஆபீசில் எனக்கு வேலை. தொழிலாளர்களுக்கு வரும் கடிதங்களைக் கொடுப்பதும், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுவதும் நான்தான். ஒருநாள் கொழுந்து எடுக்கும் மாடத்தி அக்காவுக்கு இலங்கையிலிருந்து கடிதம் வந்தது. தாளையே உறையாக மடித்து ஒட்டிய கடிதம். அதிலிருந்த தபால்தலை என்னிடம் இல்லாதது. உள்ளே எழுத்து இருக்குமே என்று யோசிக்காமல் கத்தரித்து, நோட்டில் ஒட்டிக்கொண்டேன்.

"நீயே வாசி தம்பி" என்றார் அக்கா.

"தங்கச்சி, குடும்பத்தோடு திரும்பி வருகிறோம். ராமேஸ்வரத்துக்குக் கப்பல் வரும் நாள்..." அதற்கு மேல் ஓட்டை.

"எலி கடிச்சிட்டா? பன்னெண்டு வருசம் கழிச்சு எங்க அண்ணன் வாறாவ தம்பி!"

ஆமாம் என்று சொல்லத்தான் வாய் வந்தது. "நான்தான்க்கா வெட்டுனேன்" என்றேன். நோட்டில் ஒட்டிய தலையைத் தண்ணீரில் நனைத்து உரித்தோம். பின்பக்கத்து மை கரைந்துவிட்டது.

"அப்போ ராமேஸ்வரத்துக்கு நீயும் வா. அவுக வார வரைக்கும் என்கூட நில்லு."

கப்பல் துறையில் நான்கு நாள் நின்றோம். ஐந்தாம் நாள் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் அண்ணன் இறங்கினார். "இது யாரும்மா?"

"ஒங்க கடுதாசிய வாசிச்ச தம்பி. தொணைக்கு வந்துச்சு."

அவர் என் இரண்டு கையையும் பிடித்து நன்றி சொன்னார். நான் அவர் மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டேன்.

அக்காவிடம் ஒப்புக்கொண்டது பெரிய கஷ்டமாக இல்லை. அண்ணனிடம் உண்மையைச் சொல்லாமல் அந்த நன்றியை வாங்கிக்கொண்டதுதான் இன்றும் உறுத்துகிறது.